ஒரு வகுப்புக்கே ஒரு தாத்தா

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக நாலு வரி எழுத வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நன்றாகவே வரும். வருவதை வாசலிலேயே மறித்து, "மாடல் ஆன்சர் எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்ப ஒரு பெரிய கூட்டமே காத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சேர்ந்த அன்று மட்டும், நான் ஏதோ புரட்சி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன் (புரட்சி செய்கிறவர்களுக்கு வழக்கமாக வரும் வியாதிதான்).

சேலையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் மிஸ்ஸாகச் சேர்ந்திருந்தேன். வேலை தற்காலிகம். வாங்கிக் கொடுத்தவர் என் மாமனார். வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளித் தாளாளரோடு தினமும் காலையில் பூங்காவில் நடப்பவர். சிபாரிசில் வந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற ரோஷம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தப் பள்ளியில் கட்டுரை என்றால் கைடில் இருப்பதைப் பார்த்து எழுதுவது. எல்லா நோட்டிலும் ஒரே பசு, ஒரே புல்லை மேய்ந்தது. நான் ஒரு துணிப்பைக்குள் எதையாவது போட்டு, பார்க்காமல் கைவிட்டுத் தொட்டுவிட்டு எழுதச் சொன்னேன். உள்ளே இருந்தது ஒரு எவர்சில்வர் கரண்டி. ஒரு பையன், "இது பயந்துபோய் ஜில்லென்று இருக்கிறது" என்று எழுதினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகத் தாளாளரிடம் போய், "என் பசங்களுக்கு கைடே வேணாம் சார்" என்றேன்.

அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "பேரன்ட்ஸ் டேல மேடையில பண்ணிக் காட்டுங்கம்மா. நல்லா வந்துச்சுன்னா ஸ்கூல் முழுக்க கைடை எடுத்துடலாம், உங்களையும் பர்மனென்ட் பண்ணிடலாம். வரலைன்னா எல்லாம் பழையபடிதான்."

'எங்கள் வீட்டில் ஒருவர்' என்று தலைப்புக் கொடுத்தேன். உண்மையை எழுதுங்கள், அலங்காரம் வேண்டாம் என்று சொல்லி, எப்படி எழுதுவது என்று காட்ட நானே ஒன்று எழுதிப் படித்தேன்:

"எங்கள் வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். வங்கியில் மேலாளராக இருந்தவர். அப்போது முப்பது பேர் அவர் பேச்சைக் கேட்டார்கள். இப்போது டிவி ரிமோட் மட்டும் கேட்கிறது. அதனால் அதை இடுப்பிலேயே சொருகி வைத்திருப்பார். தண்ணீர் லாரி வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே ஓடி, டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுப்பார். ஏடிஎம்முக்குப் போனால் பழைய அடையாள அட்டையைக் காவலாளியிடம் எடுத்துக் காட்டுவார். காவலாளி அதைப் பார்க்கவே மாட்டார்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்தது.

அன்று மாலையே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்கள் கூடிவிட்டார்கள். "மிஸ், எத்தனை லைன்?" "மிஸ், மாடல் ப்ளீஸ்." "மிஸ், எங்க வீட்ல எழுதற மாதிரி யாருமே இல்ல" (அந்த வீட்டில் ஆறு பேர்). பிள்ளைகளே எழுதட்டும் என்றேன். பதிலுக்கு அழுகிற எமோஜிகளாக வந்து விழுந்தன. நச்சரிப்புத் தாங்காமல் நான் எழுதியதைப் படம் எடுத்துப் போட்டு, "மாதிரிக்கு மட்டும். பார்த்து எழுதக் கூடாது" என்று சேர்த்தேன். உடனே கைகூப்பல்கள். நம் ஊரில் 'மாதிரிக்கு மட்டும்' என்றால் 'பரீட்சைக்கு இதுதான் வரும்' என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா என்ன? நானும் கைடு படித்துத் தேறியவள்தானே.

பிள்ளைகள் எழுதியதை நான் முன்கூட்டியே வாங்கிப் பார்க்கவும் இல்லை. பார்த்துத் திருத்தினால் இயல்பு கெட்டுவிடுமாம். அப்படி ஒரு கொள்கை வைத்திருந்தேன், கர்மம்.

பெற்றோர் தினம். முதல் வரிசையில் தாளாளர், பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் என் மாமனார். மருமகளின் பெருமையைப் பார்க்க வந்திருந்தார். முதல் பையன் மைக்கைப் பிடித்தான்.

"எங்கள் வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார். வங்கியில் மேலாளராக இருந்தவர்."

என்னுடைய வரி அது. ரிமோட் வந்ததும் அரங்கம் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமனார். இரண்டாவது பெண் வந்தாள். வங்கியில் மேலாளராக இருந்த அதே தாத்தா. மூன்றாவது பையனும் அதே தாத்தாவை அழைத்து வந்தான். அவனுடைய அசல் தாத்தா, தாம்பரம் மார்க்கெட்டில் அரிசிக் கடை வைத்திருப்பவர், தான் எப்போது வங்கியில் வேலை பார்த்தோம் என்று கூட்டத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

நான் மேடைக்கு ஓடினேன். "தாத்தா போதும் கண்ணுங்களா. அம்மாவைப் பத்தி யாராவது சொல்லுங்க" என்றேன். ஒரு பெண் தைரியமாக எழுந்தாள். "எங்கள் அம்மா வங்கியில் மேலாளராக இருந்தவர். தண்ணீர் லாரி வந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு..."

கூட்டம் கைதட்டியது. நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் சிரிப்பதை நிறுத்தி நேரமாகியிருந்தது. அடையாள அட்டை வரி வந்தபோது அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், தொடாமல் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது. ரிமோட்டை எந்த வீட்டுத் தாத்தாவும் சொருகலாம். அட்டையைக் காட்டியவர் ஒருவர்தான். அவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார், பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து காவலாளி பார்க்கவில்லை, காவலாளி பார்க்கவில்லை என்று ஒப்பித்துக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியாக யாழினி வந்தாள். பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருகிற பெண். அவள் அம்மாவிடம் இருந்தது பட்டன் போன், அதனால் வாட்ஸ்அப் குழுவில் இல்லை.

"எங்கம்மா தோல் கம்பெனில பை தைக்கிறாங்க. வீட்டுக்கு வந்தா கையில பசை வாசனை வரும். எலுமிச்சம்பழத் தோல் போட்டுத் தேய்ப்பாங்க, போகாது. நான் தூங்கும்போது அந்த வாசனை வந்தா அம்மா போர்வை போத்துறாங்கன்னு தெரியும். கண்ணைத் திறக்க மாட்டேன். திறந்தா, இன்னும் தூங்கலையான்னு திட்டுவாங்க."

யாரும் கைதட்டவில்லை. பாவம், மறந்துவிட்டது போல, என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தலைமை ஆசிரியை அவள் முதுகைத் தட்டினார். "பரவால்லடா, அடுத்த தடவை நல்லா படிச்சிட்டு வா."

தாளாளர் மைக்கில் பூரித்துப்போனார். இத்தனை பிள்ளைகள், ஒரு எழுத்து பிசகவில்லை, இதுவல்லவோ பயிற்சி என்றார். அங்கேயே எனக்கு வேலை நிரந்தரம். சொன்ன சொல் தவறாதவர், கைடையும் எடுத்துவிட்டார். இனி எல்லா வகுப்புக்கும் என்னுடைய மாடல்தான் என்று அறிவித்தார். பிழைப்பைப் பாருங்கள். கைடை ஒழிக்கக் கிளம்பி, நானே கைடாகிவிட்டேன்.

வாசலில் யாழினியின் அம்மா காத்திருந்தார். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தவர்.

"இன்னா மிஸ், எல்லாப் பசங்களும் ஒரே மாரி கரீக்டா சொல்லுச்சுங்க, எம் பொண்ணு மட்டும் என்னா என்னாவோ சொல்லிக்கினு கீது. வூட்டு விஷயத்த எல்லாம் இஸ்து உட்டுடுச்சு."

"இல்லக்கா, அவதான் சரியா எழுதினா. மத்தவங்க எல்லாம் தப்பு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். "பரவால்ல மிஸ். அந்தத் தாத்தா பாடத்த எனக்கும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. படிக்க வெச்சிடுறேன்."

எழுதித் தர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தேர்வில் யாழினி அந்தத் தாத்தாவை ஒரு கால்புள்ளிகூட விடாமல் எழுதியிருந்தாள். தாளை நீட்டி, "இந்த வாட்டி கரெக்டா மிஸ்?" என்று கேட்டாள். பத்துக்குப் பத்து போட்டேன். விடைக்குறிப்பு என்னுடையதாயிற்றே, எப்படிக் குறைப்பது? அதற்குப் பிறகு அவள் அம்மாவைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

பெற்றோர் தினத்தன்று மாமனாரை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து இரும்புலியூருக்கு ஓட்டி வந்தேன். "மாமா..." என்று ஆரம்பித்தேன். "ரிமோட் மேட்டர் நல்லா இருந்துச்சும்மா" என்றார். அவ்வளவுதான். சிக்னல் விழுந்தது, பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான், மன்னிப்பு அப்படியே நின்றுவிட்டது.

இப்போது வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் இந்தக் கதை உண்டு. மேடவாக்கம் நாத்தனார் ஆரம்பிப்பாள், என் கணவர் நடித்துக் காட்டுவார். மாமனார் தன்னை விட்டுக்கொடுக்க மாட்டார். எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிப் பிள்ளை மாதிரி முழுவதையும் ஒப்பிப்பார். "எங்கள் வீட்டில் ஒரு தாத்தா இருக்கிறார்" என்று தொடங்கி, ரிமோட், வேட்டி, தண்ணீர் லாரி ரிவர்ஸ் வரைக்கும் வருவார். வீடே புரண்டு சிரிக்கும்.

அதோடு நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மிச்சம் எல்லோருக்கும் மனப்பாடம். யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.