அனுப்புநர், பெறுநர், நடுவே தபால்

"அவர்கிட்ட சொல்லு," என்றார் அனுப்புநர் அம்மா. "அவர் எடுத்து முடிக்கற வரைக்கும் நான் என் இடத்தைத் தொடாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுன்னு."

அந்த 'அவர்' நாலடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் பஞ்சு ஒன்றும் இல்லை. சொன்னதெல்லாம் ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கும். ஆனாலும் தபால் எழுந்து, நாலடி நடந்து, குனிந்து, அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னாள்.

"அப்படியா சொன்னாங்க?" என்று அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி புருவத்தைத் தூக்கினார் பெறுநர் ஐயா. "அந்தம்மாகிட்ட சொல்லு, எடுத்து முடிச்சதும் சொல்வேன். எப்ப முடிப்பேன்னு மட்டும் என்னைக் கேக்கக் கூடாதுன்னு."

தபால் திரும்பி நாலடி நடந்தாள். அன்று அது முப்பத்தெட்டாவது நடை. எதற்கு எண்ணுகிறாள் என்று கேட்டால், கோபத்தைச் சூடாக வைத்துக்கொள்ளத்தான்.

பெற்றவர்கள் அவளுக்கு அழகாக ஒரு பெயர் வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள். இந்த அறைக்கு வந்த எட்டு மாதத்தில் அது காணாமல் போய்விட்டது. மற்ற இருவருக்கும் பட்டப்பெயர் வந்ததில் ஒரு நியாயமாவது இருந்தது. பெரிய கணக்கு ஒன்றை ஒரே கணினிக்குள் அறுபது துண்டாகப் பிரித்து, எல்லாத் துண்டையும் ஒரே நேரத்தில் போட வைக்கும் நிரல் நூலகம் அவர்களுடையது. துண்டுகள் தங்களுக்குள் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். அனுப்புகிற பாதியை எழுதியவர் அந்தம்மா. வாங்குகிற பாதியை எழுதியவர் ஐயா. பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதிப் பழகிய யாருக்கும் அந்தப் பெயர்கள் தானாக வாயில் வந்துவிடும். அவளை ஏன் தபால் என்கிறார்கள் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஒரே கணினி, ஒரே நினைவகம். ஆனாலும் அவர்களுடைய நிரல் நேராக எதையும் கொடுக்காது. நடுவில் ஒரு பொதுப் பெட்டி. அனுப்புகிற துண்டு அதில் ஒரு பிரதி போடும், வாங்குகிற துண்டு அதிலிருந்து இன்னொரு பிரதி எடுக்கும். ஒரே வேலைக்கு இரண்டு தடவை சுமை. சேர்ந்த முதல் வாரமே தபால் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். இப்படி உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் வேறு எப்படித்தான் எழுதுவார்கள்?

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்புகிறவரின் இடத்திலிருந்தே வாங்குகிறவர் நேராக எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவள் யோசனை. எட்டு மாத உழைப்பு. ஆனால் அதற்கு இரண்டு பாதியும் ஒரே சமயத்தில் மாற வேண்டும், இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

"வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புதுப் பதிப்பு வெளியே போகுது," என்று தலைவர் சொல்லியிருந்தார். "அதுக்குள்ள ஓடினா உன்னோடது போகும். ஓடலைன்னா இத்தோட விட்டுடு. உதவிக் குறிப்பு எழுதற பிரிவுல ஒரு நாற்காலி காலியா இருக்கு."

"அவங்களுக்குள்ள அப்படி என்னதான் சார் சண்டை?"

"அது பதினொரு வருஷத்துக் கதை. கிளறாதே. எனக்கு இந்த அறை நிம்மதியா ஓடணும்."

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை என்று தபாலுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் விடுப்பு எடுத்தால் அன்றே மற்றவரும் எடுப்பார், விட்டுக்கொடுக்க மனசில்லாமல். மதியம் ஐயா டப்பாவில் என்ன இருக்கிறதோ அதேதான் அம்மா டப்பாவிலும் இருக்கும். சாப்பாட்டில் கூடப் போட்டி! ஐயா தும்மினால் அம்மா வெடுக்கென்று எழுந்து ஜன்னலைச் சாத்துவார், தும்மல் சத்தம்கூட வெளியே போய்ப் பெயர் வாங்கிவிடக் கூடாது என்பதைப் போல.

"நாலு நாள் இருக்கு. நடுவுல நிக்க மாட்டேன். என்ன ஆனாலும் சரி," என்று தபால் தனக்குத் தானே சபதம் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து அறை நடுவில் மாட்டினாள். சொல்ல வேண்டியதை ஒருவர் எழுத வேண்டும், இன்னொருவர் படித்துக்கொள்ள வேண்டும். யாரும் யாரோடும் பேச வேண்டாம், யாரும் நடக்கவும் வேண்டாம்.

அனுப்புநர் அம்மா எழுந்து, "பழைய பெட்டியைத் தூக்கிவிடலாம்" என்று முத்து முத்தாக ஒரு வரி எழுதினார். அதோடு மார்க்கர் காய்ந்துவிட்டது. வேறு மார்க்கர் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனார். அந்த நேரம் பார்த்து டீ குடித்துவிட்டு உள்ளே வந்த பெறுநர் ஐயா பலகையைப் படித்தார். உட்கார்ந்தார். தூக்கிவிட்டார்.

அம்மா திரும்பி வந்து இரண்டாவது வரியை எழுதினார்: "சோதனை முடிந்த பிறகு."

அதற்குள் பழைய வழியும் இல்லை, புது வழியும் இல்லை. அவர்கள் நூலகத்தை நம்பி மாடியில் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு ஒன்று குப்புற விழுந்தது. மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்து கத்திவிட்டுப் போனார்.

"எழுதியிருந்துச்சு, செஞ்சேன். தப்பா?" என்றார் ஐயா தபாலைப் பார்த்து.

"எழுதி முடிக்கறதுக்குள்ள யாரு படிக்கச் சொன்னதுன்னு கேளு!" என்றார் அம்மா, அவரும் தபாலைப் பார்த்து.

பழையபடி எல்லாவற்றையும் பொருத்தி வைக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று மொத்தம் ஐம்பத்திரண்டு நடை.

புதன்கிழமை தபால் ஒரு சட்டம் போட்டாள். அறையில் ஒரே ஒரு மார்க்கர்தான். அது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் எழுதலாம். எழுதி முடித்ததும் அடுத்தவர் படித்துவிட்டு, படித்ததற்கு அடையாளமாகக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்த பிறகு மார்க்கர் கை மாறும். கேட்க எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! இதில் எவனாவது ஓட்டை கண்டுபிடிக்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒன்பதரை மணிக்கு ஐயா எழுதினார். அம்மா படித்தார்.

"கையெழுத்துப் போடணும். மார்க்கரைக் கேளு," என்றார் அம்மா.

"கையெழுத்து விழாம மார்க்கர் தரமாட்டேன். நீ போட்ட சட்டம்தானே?" என்றார் ஐயா.

"மார்க்கர் இல்லாம எப்படிக் கையெழுத்துப் போடறதாம்?"

"அது அவங்க பாடு."

தபால் கெஞ்சினாள். சட்டத்தைத் திருத்துகிறேன் என்றாள். திருத்தத்தைப் பலகையில் எழுதினால்தான் செல்லும் என்றார் ஐயா. எழுத மார்க்கர் வேண்டும். பத்தரை, பதினொன்றரை, மூன்று. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு ஐயா மார்க்கரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

வியாழக்கிழமை காலையில் அந்த மார்க்கர் அனுப்புநர் அம்மாவின் கைப்பையிலிருந்து வந்தது. சட்டென்று எடுத்துப் பலகைத் தட்டில் வைத்தார், முகத்தில் ஒரு கடுப்பு. தபாலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டைப் பையில் போனதை எப்போது, எந்த வழியில் உருவினார்? திருட்டு வேறா! பகை இந்த அளவுக்கா முற்றிக் கிடக்கிறது?

"சரி, போனது போகட்டும்," என்று புது வழி சொன்னாள். பலகையை நடுவில் கோடு கிழித்து இரண்டாக்கினாள். ஆளுக்கு ஒரு மார்க்கர் கொடுத்தாள். மேலே ஒரு சிவப்புக் காந்த வில்லை. எழுதினவர் ஒட்ட வேண்டும், படித்தவர் எடுக்க வேண்டும். காந்தம் இருந்தால் இன்னும் படிக்கவில்லை என்று அர்த்தம். இல்லாவிட்டால் படித்தாயிற்று, அழித்துவிட்டு அடுத்ததை எழுதலாம்.

மதியம் வரைக்கும் தங்கமாக நடந்தது. நடை பூஜ்யம். தபால் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு டீ அக்கா வந்தார். கெட்டிலையும் கோப்பைகளையும் வைத்துவிட்டு, 'நாளை பாய்லர் பழுது பார்க்கப்படும்' என்று ஒரு சீட்டை மாட்ட இடம் தேடினார். பலகை மேல் சிவப்பாக ஒரு காந்தம் சும்மா இருப்பதைப் பார்த்தார். கதவில் சீட்டை வைத்து அதை ஒட்டிவிட்டுப் போனார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். காந்தத்தைக் காணோம். படித்தாயிற்று போல என்று எழுதியிருந்த எட்டு வரியையும் அழித்து அடுத்ததை எழுதினார். ஐயா அந்த எட்டு வரியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் பாதி ஒரு பக்கம், இவர் பாதி இன்னொரு பக்கம். சேர்த்து ஓட்டினால் அறுபது துண்டும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன.

தலைவர் பின்னால் நின்று பத்து நிமிடம் அந்த அசையாத திரையைப் பார்த்தார்.

"நாளைக்குப் பன்னிரண்டு மணி," என்றார். "அந்தப் பிரிவுல நாற்காலியைத் துடைச்சு வெக்கச் சொல்லட்டுமா?"

தபாலுக்கு அழுகை வந்தது. அழவில்லை. "துடைக்க வேண்டாம் சார். அதுல தூசியே படிஞ்சு கிடக்கட்டும்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் உள்ளே நுழைந்ததும் பலகையைக் கழற்றிச் சுவரோடு சாத்தினாள். இரண்டு மேசைக்கும் நடுவில் தன் நாற்காலியைப் போட்டு, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி தன் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள்.

"அவர்கிட்ட சொல்லு," என்று ஆரம்பித்தார் அம்மா.

"மாட்டேன்."

அம்மா தபால் பக்கம் திரும்பினார்.

"என்னது?"

"மாட்டேன் மேடம். நாலடிதான் இருக்கு. திரும்பிச் சொல்லுங்க. எட்டு மாசமா நடந்து நடந்து என் செருப்பு தேஞ்சு போச்சு. இனிமே இந்தப் பக்கத்துச் சொல்லு ஒண்ணுகூட என் வாய் வழியா அந்தப் பக்கம் போகாது. வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

"திமிரைப் பாத்தியா," என்றார் ஐயா.

"யாரைக் கேக்கறீங்க சார்? என்னையா, மேடத்தையா?"

ஐயா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு பாதியையும் நானே எழுதறேன். உங்க கண் முன்னாலயே. தப்பா இருந்தா நேரா சொல்லுங்க. சொல்லலைன்னா தப்போடவே போகட்டும், உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு," என்று சொல்லிவிட்டு விசைப்பலகையைத் தட்டத் தொடங்கினாள்.

ஐந்து நிமிடம் தாங்கினார் ஐயா. ஆறாவது நிமிடம் நாற்காலி கிறீச்சிட்டது.

"அந்த வரி அங்க வரக் கூடாது! எடுத்து முடிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சதுன்னு கொடி ஏத்தினா எப்படி?"

"அது மேடத்தோட பாதியில வர்ற வரி சார். என்கிட்ட சொல்லாதீங்க."

"என் வரியில ஒரு தப்பும் இல்லைங்க!" என்று திரும்பினார் அம்மா. "நீங்க லேட்டா எடுத்துட்டு என்னைச் சொல்லாதீங்க!"

"உனக்கு எப்பவுமே அவசரம்! ஒருத்தன் எடுத்து முடிச்சானான்னு ஒரு நிமிஷம் பொறுத்துப் பாக்கறியா?"

"நீங்க முடிச்சா ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்றீங்களா?"

"சொல்றதுக்கு இடம் குடுத்தாதானே!"

"இந்தாங்க, இடம்! இங்க சொல்லுங்க!" என்று அம்மா சுவரில் ஒரு வரியைப் படார் என்று தட்டினார்.

ஐயா பார்த்தார். "அங்கயா?" குரல் இறங்கியது. "அங்க சொன்னா சரியா வருமே."

தபால் தலை நிமிரவில்லை. அவர்கள் சத்தம் போடப் போட, இரண்டு காதிலும் வாங்கி, இரண்டு கையாலும் அடித்துக்கொண்டே இருந்தாள். பதினொன்று நாற்பதுக்குச் சின்னச் சோதனைக் கணக்கு ஒன்றை ஓட்டினாள். அறுபது துண்டும் ஒன்றுக்கொன்று நேராகக் கொடுத்து வாங்கின. நேரம் கிட்டத்தட்டப் பாதி. நூறு தடவை ஓட்டினாள், நூறு தடவையும் நிற்கவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தலைவர் வந்து எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது போகுது," என்றார். "எப்படிம்மா முடிச்சே?"

"நான் நடுவுல நிக்கலை சார். அவங்களே நேருக்கு நேரா பேசிக்கிட்டாங்க."

தலைவர் முகம் வெளுத்தது. "ரெண்டு பேரும்? வேலையைப் பத்தியா? நேரா?" என்றவர், அதற்கு மேல் எதுவும் கேட்காமல் வேகமாக அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

"சார்! இனிமே என்னை யாரும் தபால்னு கூப்பிடக் கூடாது!" என்று அவர் முதுகுக்குப் பின்னால் கத்தினாள் அவள்.

மத்தியானம் முழுக்க அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். பதினொரு வருடம் தேக்கி வைத்த பேச்சல்லவா! அடுத்த பதிப்பில் யார் வரி முதலில் வர வேண்டும் என்று தொடங்கி, "அன்னிக்கும் இப்படித்தான்" என்று போய், "உங்களைச் சொல்லிக் குத்தமில்லை" என்பது வரைக்கும் வந்துவிட்டது. பேசட்டும், பேசட்டும் என்று அவள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அன்றைய நடை பூஜ்யம். உதவிக் குறிப்புப் பிரிவின் நாற்காலி தூசியோடு கிடந்தது. இதைவிட ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

ஐந்து மணிக்கு அனுப்புநர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். ஐயா திரும்பிப் பார்க்காமல் திரையையே வெறித்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்துகொண்டு டீ அக்கா வந்தார், இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு.

"தபாலு, அனுப்புநர் அம்மா உன்கிட்ட சொல்லச் சொல்லி என்கிட்ட சொல்லிட்டுப் போறாங்க: ஐயாகிட்ட நீ போய்ச் சொல்லணுமாம், அவங்க அவங்கம்மா வீட்டுக்குப் போறாங்களாம், ரெண்டு பிள்ளைங்களுக்கும் இனிமே சாப்பாடு அவரே பண்ணிப் போடணுமாம்."