தண்ணீர் குடித்தால் கேள்வி

"கேள்வியே வராத கூட்டத்துக்கு எதுக்கு சார் மைக்கு?" என்று துறைத்தலைவர் கேட்டபோது பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் கைவசம் இல்லாத போதெல்லாம் அவருடைய கண்ணாடி பளபளவென்று ஆகிவிடும்.

சர்வதேச உறவுகள் துறையின் பொதுச் சொற்பொழிவுகள் அவர் பெறாத பிள்ளை. மாதம் ஒன்று நடக்கும். பொதுமக்கள் வருவார்கள், தலையாட்டுவார்கள், "இப்போது கேள்வி நேரம்" என்றதும் வாசலைப் பார்த்து நகர்வார்கள். இந்த வியாழக்கிழமை துணைவேந்தர் அம்மா நேரிலேயே வருகிறார். மக்களுக்கு ஆர்வமில்லை என்று அவருக்குப் பட்டுவிட்டால் சொற்பொழிவுகளுக்கு மூடுவிழா. அரங்கத்தை டேபிள் டென்னிஸ் கூடமாக்கப் போகிறார்கள்.

"அதுக்காகச் சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து நாடகம் போட்டுடாதீங்க. துறைக்குன்னு ஒரு மானம் மரியாதை இருக்கு," என்றார் துறைத்தலைவர்.

"சேச்சே," என்றார் பேராசிரியர். வீட்டுக்குப் போகும் பேருந்திலேயே கேள்வி தயாராகிவிட்டது. 'ரகசியமாகப் போட்ட ஒப்பந்தம் நிலைக்குமா?' அவர் பேசப்போகும் தலைப்பு, 'நாடுகளுக்கிடையே வெளிப்படைத்தன்மை'.

"வீட்ல நான் கேக்குற கேள்விக்கே பதிலைக் காணோம். ஊர் முன்னாடி வேற கேக்கணுமா?" என்றாள் மனைவி.

"இதுக்குப் பதில் ரெடியா இருக்கும்மா. பேசி முடிச்சதும் நான் தண்ணி குடிப்பேன். நீ எழுந்து கேட்டுடு."

"அதுவரைக்கும் நீங்க பேசுறதைக் கேக்கணுமா?"

"முழிச்சிட்டு இருந்தாப் போதும்."

அங்கேதான் அவருக்குப் பயம் வந்தது. ஒத்திகையின்போதே அவள் இரண்டு முறை கண்ணயர்ந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டுமென்று, சைக்கிள் கடை வைத்திருக்கும் மைத்துனனைப் பிடித்து அதே கேள்வியை உருப்போட வைத்தார். வேறு கேள்வி சொல்லித்தந்திருக்கலாம்தான். ஆனால் பத்து வருட ஆராய்ச்சியில் பளிச்சென்று பதில் சொல்லக்கூடிய கேள்வி என்று பார்த்தால் அது ஒன்றுதான் தேறியது.

"அக்காகிட்ட சொல்லிடாதே," என்றார்.

"ஏன் மாமா?"

"ராஜதந்திரம்டா."

வியாழக்கிழமை மேடையேறி, "அவையோருக்கு வணக்கம்," என்றதுமே ராஜதந்திரிக்குத் தொண்டை வறண்டது. யோசிக்காமல் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

கடைசி வரிசையில் மைத்துனன் விறைப்பாக எழுந்தான். "ஐயா, ரகசியமாப் போட்ட ஒப்பந்தம் நிலைக்குமா?"

"நல்ல கேள்வி. ஆனா நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே."

"தண்ணி குடிச்சீங்களே?"

மூன்றாவது வரிசையில் மனைவி திரும்பிப் பார்த்தாள். இன்று பார்த்து அவள் முழித்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அது என் கேள்விடா," என்று எழுந்தவள் மேடைப் பக்கம் திரும்பினாள். "இவனுக்கும் சொல்லிக் கொடுத்தீங்களா? நான் சொதப்பிடுவேன்னுதானே?"

இக்கட்டான நேரத்தில் நாடுகள் என்ன செய்யும் என்று பேராசிரியர் யோசித்தார். மறுக்கும். அவரும் மறுத்தார். "மன்னிக்கணும். இவங்க ரெண்டு பேரும் யாருன்னே எனக்குத் தெரியாது."

"யாருன்னே தெரியாதா?" மனைவியின் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. "அப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தெரிஞ்சவங்க வீடாப் பார்த்துப் போங்க."

தம்பியை இழுத்துக்கொண்டு அவள் வெளியேறினாள். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. துறைத்தலைவர் கூரையைப் பார்த்தார். பேராசிரியருக்கு அழுகையே வந்துவிட்டது. எப்படியோ பேச்சைத் தட்டுத் தடுமாறி முடித்து, "கேள்வி இருந்தால் கேட்கலாம்," என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. அவர் கண்முன்னே பச்சை மேசை, வலை, பந்து எல்லாம் தெரிந்தன.

இரண்டாவது வரிசையில் ஒரு பெரியம்மா கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்தார்.

"தம்பி, பெரிய நாடு கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் ஏமாத்தினா, சின்ன நாடு யார்கிட்ட போய் முறையிடும்?"

பேராசிரியர் குறிப்புகளை மூடிவைத்தார். பத்து வருடமாக அவரைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி அது. பதில் தெரியாது என்பதையும் சேர்த்து, மனசிலிருந்து பேசினார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒருவர் மீனவர்களைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் குறுக்கே புகுந்தார், கைகள் உயர்ந்தபடி இருந்தன. துணைவேந்தரே ஒரு கேள்வி கேட்டார்.

"தொடர்ந்து நடத்துங்க," என்றார் அவர் கிளம்பும்போது. "தண்ணி மட்டும் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

வீட்டில் காத்திருக்கும் போரைக்கூட மறந்து, பேராசிரியர் அந்தப் பெரியம்மாவைத் தேடி வாசலுக்கு ஓடினார். கார்கள் நிற்கும் இடத்தில் அவர் தடியோடு நின்றிருந்தார்.

"அம்மா, இத்தனை வருஷத்துல யாரும் சொல்லிக் கொடுக்காம தானா வந்த முதல் கேள்வி உங்களோடதுதான்," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பெரியம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அதோ கார் எடுக்குறானே உங்க துறைத்தலைவர், அவன் என் தம்பிதான், ஒரு வாரமா அந்தக் கேள்வியை உருப்போட வச்சான், அடுத்த மாசம் அவன் பேச்சுக்குப் பதிலுக்கு நீங்க ஒரு ஆள் அனுப்பணுமாம், உங்க வீட்டம்மாவும் மச்சானும் மட்டும் வேண்டாமாம்."