தள்ளாத வயசு

பதினொரு ஞாயிற்றுக்கிழமைகளாக ஒரு பீரோவுக்கு டிமிக்கி கொடுத்து வந்தவன் நான்.

படுக்கையறையில் அந்தப் பீரோவுக்கு எதிரே என் சாய்வு நாற்காலி. இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே சொத்து. ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு அதில் சாய்ந்தால் சாயங்காலம்வரை நான் ராஜா. என்ன, பீரோக் கதவு நாற்காலியில் இடித்துக்கொண்டு பாதிதான் திறக்கும். மனைவி பக்கவாட்டில் கையை விட்டுத் துணி எடுப்பாள். நாற்காலியை நகர்த்த நான் விடாததால், பீரோவைக் கொஞ்சம் தள்ளுங்க என்பாள். நான் அதைத் தள்ளிப் போடுவேன்.

அன்று குரலில் சூடு தெரிந்தது.

"தள்ளாத வயசா உங்களுக்கு?"

நான் கம்ப்யூட்டர்க்காரன், சும்மா விடுவேனா? எழுதிய புரோகிராமை சர்வருக்கு அனுப்புவதை எங்கள் ஆபீசில் 'தள்ளுறது' என்போம். அதற்கு ஒரு விரல் போதும். அந்த விரலை மட்டும் மறைத்துவிட்டு, நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி இடுப்பே போச்சு என்று அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

அவள் மேசை நாற்காலி விற்கும் கடையில் சேல்ஸ் மேனேஜர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்க கடையில தள்ளுறதுக்கு வேற அர்த்தம் என்றாள். என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. புத்தி இருந்தால் கேட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு போன் வந்தது.

"நானே ஆள் வச்சுத் தள்ளிடட்டுமா?"

"தாராளமா தள்ளு."

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன், தாயே."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியைச் சமாளிப்பது ஒரு கலை என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு இலவசப் பாடம்கூட எடுத்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் பீரோக் கதவு விரியத் திறந்து கிடந்தது. பீரோ ஒரு அங்குலம் நகரவில்லை. நாற்காலி இருந்த இடத்தில் நாலு கால் தடம்தான் இருந்தது.

"என் நாற்காலி எங்கே?"

"தள்ளிட்டேன். பழைய சரக்கை விக்கிறதை எங்க கடையில அப்படித்தான் சொல்வோம். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் வாங்கிக்கிட்டார். சாயுற நாற்காலின்னா அவருக்கு உயிராச்சே."

"எங்க ஆபீசுல தப்பாத் தள்ளினதைத் திரும்ப இழுத்துக்கலாம்," என்றேன், அழாத குறையாக.

"எங்க கடையில தள்ளினது தள்ளினதுதான். தள்ளுபடி வேற கொடுத்திருக்கேன்."

சரி, புதுசு ஒன்றாவது வாங்கலாம் என்று கெஞ்சினேன். அதுக்கென்ன, அடுத்த ஞாயிறு பார்க்கலாமே என்றாள். அது நான் பதினொரு வாரமாகச் சொல்லி வந்த வசனம்.

ஞாயிறு மதியம் வேறு வழியில்லாமல், நாற்காலி இருந்த இடத்திலேயே போர்வையை விரித்துத் தரையில் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டரின் குறட்டை சுகமாகக் கேட்டது. எனக்கும் ஒருவழியாகக் கண் அசந்தபோது தலைமாட்டில் வந்து நின்றாள்.

"பீரோவைத் திறக்கணும். கொஞ்சம் தள்ளிப் படுங்க."