ஒன்பதாவது லெவலுக்கு ஒரு பெட்டி

ஆப்பு வைக்கிறவர்கள் ஆபீசில் நாலு பேர், சொந்தத்தில் எட்டுப் பேர் என்று எல்லோருக்கும் இருப்பார்கள். ஆனால் நிஜமான மர ஆப்பைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றுகிற ஒரே மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் ஆப்பு மாமாதான். அவருக்கென்று சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறதாம். நான் பார்த்ததில்லை.

தங்கவயலில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. தங்கச் சுரங்கம் மூடுகிறவரை மாமாவுக்கு டிம்பர் வேலை. அடியிலே பாறை இறங்காமல் இருக்க மரத்தூண் நிறுத்தி முட்டுக் கொடுப்பார்கள். தூணுக்கும் பாறைக்கும் நடுவில் உள்ள சந்தில் ஆப்பு அடித்து இறுக்குவார்கள். சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் மாமாவின் கை சும்மா இருக்கவில்லை. எது ஆடினாலும் அவருக்கு உடம்பு கூசும். ராபர்ட்சன்பேட்டை ஓட்டலில் காபி வந்ததும் குடிக்க மாட்டார், மேஜைக்கடியில் புகுந்துவிடுவார். பெங்களூர் ரயிலில் கடகடத்த ஜன்னலுக்கு ஒருமுறை அவர் அடித்த ஆப்பில், அதற்கப்புறம் அந்த ஜன்னலை மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை.

எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றில் பாஸ்டர் மாப்பிள்ளையைப் பார்த்து "சம்மதமா?" என்று கேட்கிறார், மேடைக்கு அடியிலிருந்து டொம் டொம் என்று அடி விழுகிறது. மாப்பிள்ளை மிரண்டுபோய் "சம்மதம், சம்மதம்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். பிறகு மேடைக்கடியிலிருந்து தூசியும் ஒட்டடையுமாக மாமா வெளியே வந்தார்.

"இன்னா மாமா இது?" என்றேன்.

"ஆடிக்கினு இருந்துச்சு டீச்சரம்மா. ஆடற எடத்துல நின்னுக்கினு ஆயுசுக்கும் கூட இருப்பேன்னு எப்டி சொல்றது?"

இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் கப்பலில் ஏற்றத் துணிந்தாள் அவர் மகள் ஸ்டெல்லா. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்குச் சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டாள். அதுவும் கத்திரி வெயிலில்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் அம்மா ரோசி அத்தை வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அது. குழாயடியில் குடம் வைத்து வரிசையில் நின்றே தலை நரைத்தவர் அத்தை. பேத்தமங்களா ஏரியிலிருந்து தண்ணீர் வராத நாளில் அவர் போட்ட சண்டைகளைத் தனிப் புத்தகமாகவே போடலாம். "எப்பிடிப் பாத்தாலும் நாலு பக்கமும் தண்ணியா இருக்கணும். அதுக்கு நடுவுல ஒரு தடவ நான் நின்னுடணும்" என்பார். டிக்கெட் வந்த அன்றைக்கே கடைத்தெருவில் கறுப்புக் கண்ணாடி வாங்கி, மீன் கழுவும்போதுகூட அதைக் கழற்றாமல் இருந்தார்.

பெட்டியில் என்ன வைப்பது என்று சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. ஒருகாலத்தில் நான் அந்தமானுக்குக் கப்பலில் போயிருக்கிறேன். போகவர வாந்தி எடுத்ததைத் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகமில்லை. ஆனாலும் ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. காட்டன் துணி, வெயிலுக்குத் தடவுகிற கிரீம், வழுக்காத செருப்பு, வாந்தி மாத்திரை, உள்ளே ஏசி குளிருக்கு ஒரு சால்வை என்று அடுக்கினேன். மாமாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஸ்டெல்லா போன் செய்தாள். "அப்பா, ரூம் நம்பர் வந்துடுச்சு. ஒன்பதாவது லெவல்!"

மாமாவின் முகம் செத்துப்போயிற்று. "கேன்சல் பண்ணு" என்றார். ஏன் என்று மகள் கேட்டாள், நான் கேட்டேன், அத்தை கேட்டார். மனிதர் வாயைத் திறக்கவில்லை. சுரங்கத்துக்காரர்கள் அப்படித்தான். அடியிலே பயப்படும்படி எது நடந்தாலும் வீட்டில் மூச்சு விட மாட்டார்கள்.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நீ வராட்டி போய்யா. நான் தனியா போறேன்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. நானே நடுவில் புகுந்து சோற்றையும் செய்தியையும் பரிமாறினேன். கடைசியில் மாமாவே இறங்கிவந்தார். "போவோம். ஆனா பொட்டி நான்தான் கட்டுவேன்."

புறப்படுவதற்கு முதல் நாள் சந்தேகப்பட்டு அந்தப் பெட்டியைத் திறந்தேன். சுரங்கத் தொப்பி இரண்டு, டார்ச், மணிக்கயிறு, விசில், உப்புப் பொட்டலம், குளுக்கோஸ், சுத்தியல். மூலைக்கு மூலை ஆப்பு. நான் சொன்ன காட்டன் துணியில் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, கப்பலுக்குப் போறீங்களா, கொள்ளையடிக்கப் போறீங்களா? வெயில் கிரீம் எங்க?"

"அங்க ஏதும்மா வெயிலு? ஆனா சூடு இருக்கும். கீழ போகப் போக சூடுதான். அதுக்குத்தான் உப்பு."

"கீழ எங்க?"

அத்தை அடுப்படியில் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒன்பதாவது லெவலும்மா. பாறையா இருந்தா முட்டுக் குடுத்து நிறுத்தலாம். மேல தண்ணி நின்னா இன்னா பண்றது?"

விஷயம் புரிய எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. எங்கள் சுரங்கத்தில் லெவலைத் தரையிலிருந்து கீழ்நோக்கித்தான் எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏற ஏற ஆழம். மனிதர் கடலுக்கு அடியில் ஒன்பது தளம் இறங்குவதற்குப் பெட்டி கட்டியிருக்கிறார்! நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பலில் மேலே பார்த்துத்தான் எண்ணுவார்கள் என்று விளக்கினேன்.

"சும்மா இரும்மா. லெவல்னா கீழ. மேல போறதுக்குப் பேரு மாடி."

அதற்குள் அத்தை கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றுவிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"கடலுக்கு அடியிலன்னு நெனச்சிக்கினா வரேன்னு சொன்ன?"

மாமா ஆப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ போயே தீருவேன்னுட்ட. உன்ன மட்டும் தனியா கீழ எறக்கி உட்டுட்டு நான் மேல இன்னா பண்றது?"

அத்தை திட்டுவார் என்று பார்த்தேன். அவரோ உள்ளே போனார். திரும்பி வந்தபோது இரண்டு காட்டன் புடவையும் மாமாவின் வெள்ளைச் சட்டையும் கையில் இருந்தன. கண் மட்டும் சிவந்திருந்தது. நான் சுத்தியலையும் தொப்பிகளையும் தூக்கி வெளியே வைத்தேன். மாமா ஆட்சேபிக்கவில்லை. கால்சட்டைப் பையைத்தான் நான் சோதிக்கவில்லை.

துறைமுகத்தில் நடந்ததை ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். சோதனை செய்தவர், "இது என்ன பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆப்பு."

"யாருக்கு?"

"கப்பலுக்குத்தான்."

அவ்வளவுதான், நாலு பேர் சுற்றிக்கொண்டார்கள். ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டுக் கதை முழுவதையும் சொன்னபிறகு அவர்களே சிரித்து ஏற்றிவிட்டார்களாம்.

மறுநாள் காலையில் அத்தை வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் சுற்றிலும் கடல். "இன்னா தண்ணி டீச்சரம்மா! ஒருத்தியும் கொடம் வெக்கல பாரு!" என்று சிரித்துக்கொண்டே அழுதார். மாமா முகம் படத்தில் இல்லை. அவருடைய கை மட்டும் தெரிந்தது. அத்தையின் முந்தானையைச் சுருட்டி இறுக்கமாகப் பிடித்திருந்தது.

"உடுய்யா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

நான் எத்தனையோ கேலி தயார்பண்ணி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு, "மாமா, நீங்களும் பத்திரமா வந்து சேருங்க" என்றேன். நிஜமாகவே அவர் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.