கணவாய் முட்டைக்கு நல்ல தண்ணீர்

கடலில் வாழும் கணவாய் மீன் குஞ்சுகளுக்குக் குடிதண்ணீர் ஊற்றிக் கொன்ற ஒரே விவசாயி அநேகமாக நான்தான். பாவம் பார்த்துத்தான் ஊற்றினேன் என்றால் இன்றும் வீட்டில் சிரிக்கிறார்கள்.

எங்கள் வடகரப்பதித் தோட்டத்தில் போர்வெல் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அது பட்டுத் தக்காளி நாற்று கருகுவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கடலோரத்திலும் உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும் என்று நினைத்து, கடற்கரை ஊரில் மீன்வளத் திட்டமொன்றில் வேலை பார்த்த மனைவி செல்விக்காக, இருபது லிட்டர் கேனில் நல்ல தண்ணீர் சுமந்துகொண்டு நேராகக் கரையில் போய் இறங்கினேன். (புது மாப்பிள்ளை, மல்லிகைப்பூ வாங்கிப் போகத் தோன்றவில்லை!)

செல்விக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. மீன்பிடிக் கூடுகளில் கணவாய்கள் முட்டையிடுமாம். மீனவர்கள் அதைச் சுரண்டி மணலில் எறிந்துவிடுவார்களாம். மூன்று மாதம் கெஞ்சியபின், குமரிப் பக்கத்துப் படகுக்காரர் சேவியர் அண்ணன் முதன்முறையாக ஒரு கூட்டை முட்டைகளோடு அவளிடம் கொடுத்திருந்தார். அன்றே அதைத் திரும்பக் கடலில் இறக்க வேண்டும். அதுவரை கடல்நீர் நிரப்பிய தொட்டியில் கிடந்தது.

"ஏனுங்க, செத்த நேரம் பாத்துக்குங்க. நான் போயி அண்ணனைக் கூட்டியாறேன்" என்று போனாள்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடித் திராட்சை மாதிரிக் குலைகுலையாக முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கண்கள்! எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொட்டித் தண்ணீரை விரலில் தொட்டு நக்கினேன். ஒரே கரிப்பு. பச்சைப்பிள்ளைகளை உப்பில் ஊறப் போட்டிருக்கிறாளே! தொட்டியைச் சாய்த்துக் கொட்டிவிட்டுக் கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். குஞ்சுகள் துடித்தன. சந்தோஷம் என்று நினைத்தேன்.

"அய்யோ, என்னங்க பண்ணிப்போட்டீங்க!"

செல்வியின் அலறலில் கேன் கைநழுவி விழுந்தது. சேவியர் அண்ணன் ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தார். "நல்ல தண்ணியா மக்கா?" என்று மட்டும் கேட்டார். கூட்டைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் ஓடினார். பாதி முட்டைகள் அதற்குள் அசைவற்றுப் போயிருந்தன. அந்தக் கண்களைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன். செல்வி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

அதன்பின் சேவியர் அண்ணன் முட்டை ஒட்டிய கூட்டைக் கரைக்கே கொண்டுவருவதில்லை. நடுக்கடலிலேயே திரும்ப இறக்கிவிடுகிறார். மற்ற படகுக்காரர்களையும் அப்படியே செய்ய வைத்துவிட்டார். செல்வி அசந்துபோய்க் காரணம் கேட்டாளாம்.

"கரைக்குக் கொண்டுவந்தா ஒம் மாப்பிள்ளை தண்ணி ஊத்திருவாரும்மா."

இப்போதும் விருந்தாளிக்கு நான் செம்பை எடுத்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வந்துவிடும்: "எந்தத் தண்ணி வேணும்னு கேட்டுப்போட்டு ஊத்துங்க!"