பூசணிக்காய்க்கும் ஏழரைச் சனி

சனிக்கிழமைகளில் கண்டி வீதி பஸ்கள் கப்பல்துறையில் மணி அடிக்காமலே நிற்கும். இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கொட்டகைக்குத்தான் போவார்கள். அங்கே எள் விழ இடமிருக்காது. எள்ளுச்சாமியின் பித்தளைச் சட்டிக்குள் மட்டும் விழும்.

சாமியின் பரிகாரம் சுலபமானது. வாசலில் அவருடைய ஆள் விற்கும் கறுத்த எள்ளுப் பொட்டலத்தை வாங்க வேண்டும். வேறு எள் செல்லாது. சாமி அதைத் தலையைச் சுற்றித் தண்ணீரில் கொட்டுவார். பிடித்திருக்கும் சனி எள்ளோடு இறங்கித் தண்ணீரைக் கறுப்பாக்கிவிடும். எல்லோருடைய தண்ணீரும் கறுத்தது. குடிசன மதிப்பீட்டுக்காரர்கூட இப்படி ஒரு வீடு விடாமல் போனதில்லை. சனியைத் தொட்டுத் தொட்டுச் சாமியின் விரல்களும் கறுத்திருந்தன. பக்தர்கள் அந்த விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள்.

தண்ணீர் கறுத்தவர்கள் நாற்பத்தெட்டு நாள் எள்ளை வாயில் வைக்கக்கூடாது. கொட்டகைக்கு மட்டும் வந்துகொண்டே இருக்கலாம்.

பாக்கியரத்தினம் தன் மருமகள் சுபாஜினியைக் கூட்டிப்போனார். அவளுக்கு ஆறு மாதம். தண்ணீர் தார்போலக் கறுத்தது. அன்றோடு அவள் தினமும் தின்ற எள்ளுருண்டை நின்றுபோனது. மீனும் முட்டையும் அந்த வீட்டில் எப்போதாவதுதான். அடுத்த மாதம் கிளினிக் தராசில் முள் போன மாத இடத்தைவிட்டு அசையவில்லை.

"பிள்ளையின்ர வளர்ச்சி காணாது. ஏன் எள்ளுருண்டையை விட்டனீங்கள்?" என்று மருத்துவமாது பிரியதர்சினி கேட்டார்.

"மாமா வேண்டாமெண்டிட்டார், மிஸி."

பிரியதர்சினி மாமாவைக் கூப்பிட்டார். "ஐயா, உடம்பு கட்டுறதுக்கு அமினோ அமிலம் எண்டு கன சாமான் வேணும். பருப்பில மெதியோனின் குறைவு. அது எள்ளில நிறைய இருக்கு. எள்ளில லைசின் குறைவு, அது பருப்பில இருக்கு. ரெண்டையும் சாப்பிட்டால்தான் வயித்தில இருக்கிற பிள்ளைக்குக் காணும்."

"எள்ளில சனியும் இருக்கெல்லோ, மிஸி" என்றார் பாக்கியரத்தினம், பணிவாக.

அடுத்த சனிக்கிழமை பிரியதர்சினி வரிசையில் நின்றார். கையில் ஒரு பூசணிக்காய். பின்னால் மாமாவும் மருமகளும் நின்றார்கள்.

"ஆருக்கு, பிள்ளை?" என்றார் சாமி.

"இவருக்கு" என்று பிரியதர்சினி பூசணிக்காயைக் காட்டினார். சாமி வாயைத் திறக்குமுன், வாசலில் வாங்கிய பொட்டலத்தால் அதை மூன்று தரம் சுற்றித் தண்ணீரில் கொட்டினார். தண்ணீர் கறுத்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. "பாவம், பூசணிக்காய்க்கும் ஏழரைச் சனி" என்று ஒருவர் இரக்கப்பட்டார்.

"அது நீங்கள் தூக்கி வந்ததால வந்தது. உங்கட சனி" என்றார் சாமி.

"அப்படியே?" பிரியதர்சினி வேறொரு பொட்டலத்தை எடுத்தார். தம்பலகாமத்து வயலில் விளைந்த கறுத்த எள். அதைத் தன் தலையையே சுற்றி, புதுத் தண்ணீரில் கொட்டினார். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "என்னட்டையும் சனி இல்லை. பூசணிக்காய்க்கு எங்கால வந்தது?"

பிறகு சாமியின் எள்ளில் ஒரு பிடியை எடுத்து ஈரக் கைலேஞ்சியில் வைத்துத் தேய்த்தார். லேஞ்சி கறுத்தது. எள் வெளுத்தது. "வெள்ளை எள்ளு, ஐயா. சாயம் போட்டிருக்கு. அந்த விரலையும் ஒருக்கால் பாருங்கோ."

பாக்கியரத்தினம் பார்த்தார். அந்த விரலைக் கண்ணில் ஒற்றியது ஞாபகம் வந்து, அவசரமாகக் கண்களைத் துடைத்துக்கொண்டார். சாமி கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனார். இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறார்.

பஸ் நிலையத்தில் பாக்கியரத்தினம், நிப்றாஸ் என்பவரின் கடையில் இரண்டு எள்ளுருண்டை வாங்கி மருமகளிடம் நீட்டினார். "தின் பிள்ளை. பிழை என்னில."

சுபாஜினி அந்த இடத்திலேயே கடித்தாள்.

கொட்டகையில் கூட்டம் கலையவில்லை. "மிஸி, அந்தப் பூசணிக்காய்க்கு என்ன பரிகாரம்?" என்று ஒருவர் அங்கிருந்து பஸ் நிலையத்துக்கு ஓடிவந்து கேட்டார்.

"தேங்காய்ப்பால் விட்டுக் கறி வையுங்கோ."

எள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதிவைத்துவிட்டார்கள். நம் தலைக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தண்ணீரில் கொட்டிப் பார்க்க ஏலாது. எப்போதாவது தலையைப் பாவித்துப் பார்த்தால்தான் தெரியும்.