லில்யாவா, ஓநாயா?

என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முடிவு எடுத்தேன். என் மகளுக்கு நான்தான் பெயர் வைப்பேன்.

இதுவரை முடிவே எடுத்ததில்லையா என்று கேட்பீர்கள். எடுத்திருக்கிறேன். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தும் இருக்கிறேன். கூரைக்கு என்ன நிறம், மீனுக்கு எவ்வளவு உப்பு, எனக்கு மீசை இருக்கலாமா கூடாதா, எல்லாம் சால்வோர் சொல்வதுதான். சால்வோர் என் மனைவி. ஊரில் மின்சார வேலை பார்க்கிறவள். எந்த ஒயரைத் தொட்டால் யார் துள்ளுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. நான் துறைமுகத்தில் மீன் எடை போடுகிறவன். வீட்டில் என் பேச்சுக்கு எடை கிடையாது.

குழந்தை பிறந்து ஐந்து மாதம் முடிந்துவிட்டது. இன்னும் 'பொண்ணு'தான். ஐஸ்லாந்தில் எங்களுக்கு இது வழக்கம். ஞானஸ்நானத்தன்று சர்ச்சில் சொல்லும்வரை பெயரை வெளியே விடமாட்டோம். அதுவரை யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆறு மாதம் தாண்டினால் அரசாங்கம் கேட்கும்.

எனக்கு லில்யா பிடித்திருந்தது. லில்லிப் பூ. மெதுவாகக் கூப்பிட்டாலே திரும்பிப் பார்க்கிற மாதிரிப் பெயர். சால்வோருக்குப் பிடித்தது ஊல்வுர். ஊல்வுர் என்றால் ஓநாய். சுத்தமான ஆம்பளைப் பெயர். முன்பெல்லாம் பெண்ணுக்கு இப்படி ஒரு பெயர் கேட்டால் அரசாங்கத்தின் பெயர்க் குழு 'முடியாது' என்று எழுதி அனுப்பிவிடும். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அரசாங்கமும் என்னைக் கைவிட்டுவிட்டது.

"பொம்பளைப் பிள்ளைக்கு ஓநாய்னா பேரு வைப்பாங்க?"

"ஏன், கடிச்சிருமா?"

"நம்ம நாட்டுல ஓநாயே கிடையாது, சால்வோர்."

"அதான் சொல்றேன். ஒண்ணாவது இருக்கட்டும்."

"லில்யான்னு சொல்லிப் பாரு, எவ்வளவு அழகா…"

"இந்த ஊர்க் காத்துல பூ நிக்காது, ஓட்டர். போன வாரம் நம்ம குப்பைத் தொட்டியே அடுத்த ஊருக்குப் போயிருச்சு."

"அப்பன்னு எனக்கு ஒரு பாத்தியதை இல்லையா?"

"பின்னாடி 'ஓட்டர் மகள்'னு உன் பேருதானே ஒட்டப்போகுது? வாலு உன்னுது. தலை என்னுது."

வாதத்தில் இவளை ஜெயிக்க முடியாது. அதனால் உயிரோடு இல்லாத ஒருவரைத் துணைக்கு அழைத்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் பேயை யாரும் நம்புவதில்லை. ஆனால் அதன் மனம் கோணும்படி யாரும் நடப்பதும் இல்லை. செத்தவர்கள் சில சமயம் கனவில் வந்து, பிறக்கப்போகிற குழந்தைக்குத் தங்கள் பெயரைக் கேட்பார்கள். கேட்டால் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க இதுவரை ஒருவருக்கும் தைரியம் வந்ததில்லை. வழக்கமாக இந்தக் கனவு கர்ப்பிணிக்குத்தான் வரும். எனக்கு வந்ததாகச் சொன்னால் என்ன?

மறுநாள் காலைச் சாப்பாட்டில் காய்ந்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் வெறித்துப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் மூன்று முறை பழகிய வெறிப்பு.

"என்ன, முள்ளா?" என்றாள் சால்வோர்.

"கனவுல ஒருத்தி வந்தா."

வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கத்தி நின்றது.

"யாரு?"

"தெரியல. பச்சைக் கோட்டு. தலைமுடியெல்லாம் ஈரம். கட்டில் ஓரமா நின்னு, 'லில்யா'ன்னா. அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம் நின்னா?"

"உன் பக்கம்."

"அப்ப என்னை எழுப்பிக் கேக்க வேண்டியதுதானே?"

"நீ குறட்டை விட்டியே. அவளும் எவ்வளவு நேரம் காத்திருப்பா?"

"கையில ஏதாவது வெச்சிருந்தாளா?"

இங்கேதான் என் கற்பனை சூடு பிடித்தது. "ஒரு கையில சிவப்புக் கையுறை. இன்னொரு கை வெறும் கை," என்றேன்.

 சால்வோர் கத்தியை மெதுவாக வைத்தாள். "செத்தவ கேட்டா குடுத்துத்தான் ஆகணும். லில்யாவே வெச்சிடலாம். ஞாயித்துக்கிழமை நீயே பிள்ளையைத் தூக்கிக்கோ. பேரு அப்பன் வாயாலயே வரட்டும்."

சர்ச்சில் குழந்தையை யார் தூக்கி நிற்கிறார்களோ அவர்கள்தான் பெயரைச் சொல்வார்கள். அதையும் கொடுத்துவிட்டாள்! அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினேன். குழந்தை பார்த்தது. அது யாரிடமும் சொல்லாது.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு யோருன் காபி குடிக்க வந்தாள். எழுபது வயது. ஆட்டு ரோமத்தில் பின்னாத பொருளே கிடையாது. அன்று ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை. கோப்பையையும் தொடவில்லை.

"ஓட்டர் கண்ணு, இந்த வீட்டுல யாராவது நடமாடறாங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"காலையில உங்க வாசல்ல ஒரு பொம்பளை நின்னா. பச்சைக் கோட்டு போட்டிருந்தா. நனைஞ்ச தலை. நான் கதவைத் திறக்கறதுக்குள்ள பனிமூட்டத்துக்குள்ள போயிட்டா."

என் கையிலிருந்த காபி தளும்பி மடியில் கொட்டியது. சூடாக இருந்ததுகூட உறைக்கவில்லை. பச்சைக் கோட்டு நான் சொன்ன பொய். என் சொந்தப் பொய். அது எப்படி வாசலில் வந்து நிற்கும்?

"அவ கையில…" என்றேன்.

"ஒத்தைக் கையுறை. சிவப்பு." யோருன் குரலைத் தாழ்த்தினாள். "உன் வீடு கட்டறதுக்கு முன்னாடி இங்க ஒரு வீடு இருந்துச்சு. அதுல லில்யான்னு ஒருத்தி. நாம இப்ப செய்யற மாதிரியே பிள்ளையைத் தள்ளுவண்டியில போட்டு வெளியில தூங்க வெச்சிருக்கா. அடுப்புல பால் பொங்குதுன்னு உள்ள போயிருக்கா. பனி இறங்கிருச்சு. திரும்பி வந்தா வண்டி இருக்கு, பிள்ளை இல்ல. தேடிக்கிட்டே போனவதான். கடல் ஓரத்துல ஒத்தைக் கையுறை கிடைச்சுது."

"அவ பேரு கேட்டு வந்திருக்கா, யோருன். அவ்வளவுதானே?"

"பேரு கேட்டு வரல, கண்ணு. பிள்ளை கேட்டு வந்திருக்கா. அவ பேரை வெச்சுட்டா, அது அவ பிள்ளை."

அவள் போன பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கியது. பயமாக இருந்தது. நான் துப்புக்கெட்டவனாக இருக்கலாம். ஆனால் இந்தப் பொத்தானைப் பிடித்திருக்கிற கையை எவளுக்கும் கொடுக்க முடியாது.

மறுநாளும் பனிமூட்டம். பகல் ஒரு மணிக்கே எதிர் வீடு தெரியவில்லை. ஆனாலும் குழந்தை வெளியே தூங்கியாக வேண்டும்; குளிர்காற்றில் தூங்கினால்தான் பிள்ளை தேறும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. உள்ளே படுக்கவைத்தால் ஊரே நம்மை ஒரு மாதிரி பார்க்கும். வண்டியைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சுவரைப் பார்த்து நிறுத்தினேன். வண்டிக்குள் ஒரு மைக்கை வைத்து, அதன் சத்தம் கேட்கிற குட்டிப் பெட்டியை மேஜைமேல் வைத்துக் காதை அதிலேயே ஒட்டவைத்துக்கொண்டேன்.

குழந்தையின் மூச்சு கேட்டது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. உருளைக்கிழங்கு உரித்தேன். மூன்றாவது கிழங்கில், அந்த மூச்சோடு இன்னொரு மூச்சு சேர்ந்துகொண்டது.

பிறகு ஒரு பெண் குரல் முணுமுணுத்தது. தாலாட்டு. வார்த்தையே இல்லை. மிக மெதுவாக, வாயை வண்டிக்குள் வைத்துப் பாடுகிற மாதிரி.

கத்தியோடு ஓடினேன். கதவுக்கும் வண்டிக்கும் எட்டு அடிதான். போய்ப் பார்த்தால் யாருமில்லை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. போர்வைமேல் ஒரு சிவப்புக் கையுறை, சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

சுவரைப் பார்த்து நான் நிறுத்திய வண்டி, கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

மாலையில் சால்வோர் வந்ததும் கையுறையை நீட்டினேன். அவள் அதை அடுப்பு ஓரத்தில் காயப்போட்டாள்.

"வந்து பாத்துட்டுப் போயிருக்கா. பேரு கிடைக்கிறவரைக்கும் அவளுக்கும் ஆசை இருக்காதா?"

"சால்வோர், வேற பேரு வெச்சிடலாமா?"

"என்ன விளையாடறியா? செத்தவகிட்ட வாக்கு குடுத்தாச்சு."

"நான் எங்க குடுத்தேன்? அவ கேட்டா. நான் சும்மா படுத்திருந்தேன்."

"நீதானே ஒத்தைக் கால்ல நின்னே, லில்யா லில்யான்னு?"

"உனக்குத்தான் ஊல்வுர் பிடிச்சிருந்துச்சே!"

"அது அப்போ. இப்ப லில்யாதான். நான் மாத்தமாட்டேன்."

கனவு பொய் என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் பொய் சொன்னவன் நான். நனைந்து கிடந்த கையுறை பொய் இல்லையே. அதோடு, ஒப்புக்கொண்டால் என்னைச் சாகும்வரை குத்திக்காட்டுவாள். செத்த பிறகும் விடமாட்டாள்.

யோருனிடம் ஓடினேன். "இவங்களை விரட்ட வழியே இல்லையா?"

"பூப் பேரு வெச்சா பறிக்கத்தான் வருவாங்க, கண்ணு. கிட்ட வரப் பயப்படற பேரா இருந்தா ஒதுங்கிப் போவாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கென்ன தெரியும்? பெத்தவங்க நீங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பகல் பன்னிரண்டு மணி. சர்ச் ஜன்னல்கள் எல்லாம் பால் ஊற்றினாற்போல் வெள்ளை. முப்பது பேர் இருந்தார்கள். பெயர் தெரியாமல் ஆவலோடு கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் குழந்தையை ஏந்தி நின்றேன். சால்வோர் என் பக்கத்தில், பச்சைப்பிள்ளை முகத்தோடு நின்றாள்.

எங்கள் பாதிரியார் ஒரு பெண்மணி; பாதிரியார் அம்மா என்போம். அவர் தண்ணீரில் கையை வைத்தார். "குழந்தையின் பெயர் என்ன?"

"லில்யா," என்று சால்வோர் என் காதருகே எடுத்துக் கொடுத்தாள். "சொல்லு."

அப்போது பின்கதவு திறந்தது. காற்றே இல்லை. பனி கொஞ்சம் உள்ளே வந்தது. அதோடு யாரோ உள்ளே வந்து கடைசி பெஞ்சின் ஓரத்தில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். முகம் தெரியவில்லை. கோட்டின் ஒரு கை மட்டும் தெரிந்தது. பச்சை.

குழந்தை என் பொத்தானைப் பிடித்தது.

"ஊல்வுர்!" என்று கத்தினேன். சர்ச் முழுக்க எதிரொலித்தது. "ஊல்வுர்! ஊல்வுர் ஓட்டர் மகள்! எழுதிக்கோங்க!"

பாதிரியார் அம்மா ஒரு நிமிடம் திகைத்தார். பிறகு மூன்று முறை தண்ணீர் ஊற்றினார். என் மகள் அழவில்லை. உறுமினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு பக்கத்துக் கூடத்தில் காபியும் கேக்கும் வைத்தார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்திருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். அப்போது யோருன் கிளம்ப எழுந்தாள். கொக்கியில் மாட்டியிருந்த தன் கோட்டை எடுத்து, என் கண் எதிரிலேயே, அவசரமே இல்லாமல் போட்டுக்கொண்டாள். பச்சைக் கோட்டு.

"புதுசு, கண்ணு. சால்வோர் வாங்கிக் குடுத்தா. நல்லா இருக்கா?"

"லில்யா…" என்றேன்.

"எந்த லில்யா? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே. நீதானே பாத்தே?"

கனவைச் சொன்ன அன்றைக்கே சால்வோர் இவளுக்குப் போன் போட்டிருக்கிறாள். கதை இவளுடையது, கையுறை இவள் பின்னியது, உப்புத் தண்ணீர் சமையலறையிலிருந்து. எல்லாம் புரிந்துவிட்டது. வண்டிக்குள் தாலாட்டியது யார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. யோருன் சர்ச்சில் பாட்டுக்கு எழுந்து நின்றால் வாயை மட்டும் அசைப்பவள். சுருதி சுத்தமாக வராது. அந்தக் கேள்விக்குப் பதில் எதுவாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அதற்குள் என் அக்கா ஹெர்திஸ் கையில் தட்டோடு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"ஏண்டா, உனக்கு மூளை இருக்கா? பொம்பளைப் பிள்ளைக்கு ஓநாய்னு பேரா? இந்தப் பொண்ணு சால்வோர் பாவம், லில்யா லில்யான்னு உன் காதுல கெஞ்சினது மூணாவது பெஞ்சுவரைக்கும் கேட்டுதேடா!"

கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் பொய்யிலிருந்துதான் அதை ஆரம்பிக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

சால்வோர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"நான் என்ன செய்யட்டும், ஹெர்திஸ்? எங்க வீட்டுல எல்லாம் இவன் வெச்சதுதான் சட்டம்."